பாளையங்கோட்டை டிடிபி கடைகளில் 'ஆர்ட்டிகிள் ரிவ்யூ': எதைக் காசு கொடுத்து வாங்கலாம், எதை வாங்கவே கூடாது

"அண்ணாச்சி, ஆர்ட்டிகிள் ரிவ்யூ ஒண்ணு வேணும்."

"எந்த டிப்பார்ட்மென்ட் தம்பி? எத்தன பக்கம்? என்னைக்கு வேணும்?"

இந்த மூன்று கேள்விக்கு மேல் கடையில் நான்காவது கேள்வி வராது. 'எந்தக் கட்டுரைக்கு ரிவ்யூ?' என்று யாரும் கேட்பதில்லை. பாளையங்கோட்டையில் கல்லூரிகளை ஒட்டிய தெருக்களில் இருக்கும் டிடிபி, ஜெராக்ஸ் கடைகளின் இந்தச் சேவையைப் பற்றி அந்த ஒரு விடுபடலே முக்கால்வாசி சொல்லிவிடும். பேட்டையிலும் அபிஷேகப்பட்டிப் பக்கமும் கதை பெரிதாக மாறாது. கடைப் பெயர் எதையும் இங்கே சொல்லப் போவதில்லை. இது ஒரு கடையின் குறை இல்லை, தொழிலே இப்படித்தான் ஓடுகிறது.

கடைகள் தருவது நான்கு வேலை. கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சு செய்வது, ஏற்கெனவே அடித்ததை ஃபார்மேட் செய்வது, பிரிண்ட் எடுத்து பைண்ட் போடுவது, 'முழுசா செஞ்சு தர்றது'. கடைசியில் சொன்னதுதான் அதிகம் விற்கிறது, அதுதான் ஆக மோசமானது. அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

'முழுசா செஞ்சு தர்றது'

5க்கு 0. அரை மதிப்பெண் போடக்கூட இடமில்லை.

கடைக் கணினியின் டெஸ்க்டாப்பில் துறைவாரியாக ஃபோல்டர் இருக்கும். போன வருடம் யாரோ கொடுத்த கோப்பில் பெயர், பதிவு எண், தேதி மூன்றையும் மாற்றிப் புது அட்டை போட்டுத் தருவார்கள். மேல் ஓரத்தில் பழைய கல்வியாண்டு அப்படியே நிற்கும். கோப்பின் 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்தால் ஆசிரியர் என்ற இடத்தில் முந்தைய மாணவரின் பெயரோ கடையின் பெயரோ இருக்கும். வகுப்பறைச் செயலியில் வேர்டு கோப்பாகவே ஏற்றச் சொல்லும் பேராசிரியருக்கு இதைப் பார்க்க ரெண்டு சொடுக்குப் போதும்.

இப்போது சில இடங்களில் பழைய கோப்புக்குப் பதில் ஏஐ செயலியில் தலைப்பை மட்டும் கொடுத்து எடுக்கிறார்கள். மொழி சுத்தமாக இருக்கும். ஆனால் கட்டுரையையே படிக்காமல் தலைப்பிலிருந்து ஊகித்து எழுதியது அது. கட்டுரையில் இல்லாத அட்டவணையைப் பாராட்டும், இல்லாத நூல்களைத் துணைநூற்பட்டியலில் அடுக்கும். அந்தப் பட்டியலில் உள்ள டிஓஐ எண் (இணையத்தில் ஒரு கட்டுரைக்கு என்று தரும் நிலையான அடையாள எண்) ஒன்றை எடுத்து 'டிஓஐ டாட் ஓஆர்ஜி' முகவரிக்குப் பின்னால் ஒட்டிப் பாருங்கள். 'காணவில்லை' என்று வந்தாலோ, வேறு ஏதோ கட்டுரை திறந்தாலோ, மிச்சப் பட்டியலையும் நம்ப வேண்டாம்.

இன்னொரு குழப்பமும் கடையில்தான் அதிகம் நடக்கிறது. 'ஆர்ட்டிகிள் ரிவ்யூ' கேட்டால் 'ரிவ்யூ ஆர்ட்டிகிள்' கிடைக்கும். முதலாவது, ஒரே ஒரு ஆய்வுக் கட்டுரையை எடுத்து அது என்ன சொல்கிறது, சொன்னதை நிறுவியதா என்று எடை போடுவது. இரண்டாவது, ஒரு பொருளில் வந்த பத்து, ஐம்பது கட்டுரைகளைத் திரட்டி அந்தத் துறை எங்கே நிற்கிறது என்று சொல்வது. மாணவரிடம் கேட்கப்படுவது பெரும்பாலும் முதலாவது. இணையத்தில் தேடி இறக்கும்போது இரண்டாவது கையில் சிக்கும். சொல் வரிசை மாறினால் வேலையே மாறிவிடுகிறது.

கடைச் சரக்கும் சொந்தச் சரக்கும்

வித்தியாசம் தெரிய ஒரு கட்டுரையைக் கற்பனை செய்துகொள்வோம். எண்கள் எல்லாம் விளக்கத்துக்குப் புனைந்தவை. மேலப்பாளையம் வட்டாரத்தில் 60 பெண் பீடித் தொழிலாளர்களிடம் வினாப்பட்டியல் கொடுத்து, வருமானம், சேமநல நிதி, பிள்ளைகளின் படிப்பு மூன்றையும் ஆராய்ந்த கட்டுரை. முடிவுரையில், 'தொழிலாளர் அனைவருக்கும் சேமநல நிதி கிடைக்கிறது. தாயின் குறைந்த வருமானமே பிள்ளைகள் பள்ளியிலிருந்து நிற்கக் காரணம்' என்று இருக்கிறது.

கடையில் வாங்கினால் இதற்கு வரும் ரிவ்யூ இப்படி இருக்கும்:

'இக்கட்டுரை பீடித் தொழிலாளர்களின் நிலையை மிகச் சிறப்பாக ஆராய்கிறது. ஆசிரியர் எளிய நடையில் எழுதியுள்ளார். அட்டவணைகள் தெளிவாக உள்ளன. இக்கட்டுரை மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் பெரிதும் பயனுள்ளதாக அமைகிறது.'

'பீடித் தொழிலாளர்' என்பதை எடுத்துவிட்டு 'வாழை விவசாயி' என்று போடுங்கள். களக்காட்டு வாழை பற்றிய கட்டுரைக்கும் ஒரு எழுத்து மாறாமல் பொருந்தும். எந்தக் கட்டுரைக்கும் பொருந்துவது எந்தக் கட்டுரைக்கும் ரிவ்யூ ஆகாது. நாம் எழுதியதைச் சோதிக்க இதைவிட மலிவான வழி கிடையாது: பொருளை மாற்றிப் பாருங்கள், வாக்கியம் தப்பிப் பிழைத்தால் அதை அடித்துவிடுங்கள்.

இதே கட்டுரையைப் படித்துவிட்டு எழுதினால்:

'60 பேரையும் ஆசிரியர் பீடிக் கம்பெனிக் கிளைகளின் பதிவேட்டிலிருந்து எடுத்திருக்கிறார். பதிவேட்டில் பெயர் இருந்தால் அவரிடம் பி.எஃப். (சேமநல நிதி) அட்டை இருக்கும். அடுத்தவர் அட்டையில் சுற்றிக் கொடுக்கும் பெண்கள் இந்தத் தேர்வுக்குள் வர வழியே இல்லை. ஆகவே அனைவருக்கும் சேமநல நிதி கிடைக்கிறது என்பது ஆய்வில் கண்டறிந்த ஒன்றல்ல. ஆளைத் தேர்ந்தெடுத்த விதத்திலேயே அது அடங்கியிருக்கிறது. இந்த வரம்பை முறையியல் பகுதியில் சொல்லியிருக்க வேண்டும்.'

ஆறு வாக்கியம். புகழ்ச்சியும் இல்லை, வசையும் இல்லை. கட்டுரையின் ஒரு முடிவைப் பிடித்து, அது எந்த இடத்தில் நிற்கிறது என்று தேடிப்போய், அந்த இடம் பொத்தல் என்று காட்டுகிறது. இலை, தூள் வாங்கி வந்து திண்ணையில் உட்கார்ந்து சுற்றும் வீடுகளைப் பார்த்து வளர்ந்த மேலப்பாளையத்து, முக்கூடல் மாணவிக்கு இது ஒரு நிமிடத்தில் தோன்றும். டிடிபி கடைக்காரருக்குத் தோன்றினாலும் அவர் எழுதப்போவதில்லை. பக்கக் கணக்குக்கு அது கட்டுப்படியாகாது.

இரண்டாவது முடிவிலும் ஓட்டை உண்டு. வருமானம் குறைந்த வீட்டில் பிள்ளைகள் அதிகம் நிற்கிறார்கள் என்று அட்டவணை காட்டலாம். அதிலிருந்து 'வருமானமே காரணம்' என்று தாவ முடியாது. அந்த வீடுகளில் பள்ளி தூரமாக இருக்கலாம், மூத்த பெண் வீட்டிலேயே பீடி சுற்ற உட்கார்ந்திருக்கலாம். இரண்டு விஷயம் சேர்ந்து நடக்கிறது என்பது வேறு, ஒன்றால் மற்றது நடக்கிறது என்பது வேறு. மாணவர்கள் எடுக்கும் கட்டுரைகளில் அதிகம் கண்ணில் படும் பலவீனம் இதுதான்.

மூன்றாவதாக, கூட்டல். சதவீத வரிசையைக் கால்குலேட்டரில் கூட்டிப் பாருங்கள். 45, 38, 20 என்று இருந்தால் 103 வரும். ஒருவர் இரண்டு பதில் சொல்ல இடம் கொடுத்திருந்தால் 100-ஐத் தாண்டுவது சரி, அதை அட்டவணைக்குக் கீழே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் ரிவ்யூவில் எழுத ஒரு நல்ல பத்தி கிடைத்துவிட்டது. 99.9, 100.1 என்று வருவதைப் பிடித்துத் தொங்க வேண்டாம், அது தசமத்தை முழுமையாக்கியதில் வருவது.

குறை சொல்வது மட்டும்தான் ரிவ்யூ என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. வினாப்பட்டியலை முழுதாகப் பின்னிணைப்பில் கொடுத்திருக்கிறார் என்றால் அது பெரிய பலம், அடுத்தவர் அதே ஆய்வைத் திரும்பச் செய்து பார்க்கலாம். பலத்தைச் சொல்லும்போதும் 'சிறப்பு' என்று நிறுத்தாமல் எதனால் பலம் என்று எழுத வேண்டும்.

அளவு, அமைப்பு

பொதுவாகக் கேட்கப்படுவது 1000 சொல். கடையில் செய்யும் ரிவ்யூவில் இதில் 800 சொல் சுருக்கத்துக்கே போய்விடும். அந்தச் சுருக்கமும் கட்டுரையின் ஆய்வுச்சுருக்கத்தைச் சொல் மாற்றி எழுதியதாக இருக்கும். நியாயமான பங்கீடு: அறிமுகம் 100 முதல் 150 வரை, சுருக்கம் 300-க்குள், மதிப்பீடு 450-க்குக் குறையாமல், முடிவு 100. அறிமுகத்தில் கட்டுரையின் தலைப்பு, ஆசிரியர், இதழ், ஆண்டு, அது எடுத்துக்கொண்ட கேள்வி, உங்கள் தீர்ப்பு ஒரு வரியில். தீர்ப்பைக் கடைசி வரை ஒளித்துவைக்க இது துப்பறியும் கதை இல்லை.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. தமிழில் வேற்றுமையும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். 'தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடமிருந்து' என்பதை வேர்டு ஒரே சொல்லாக எண்ணும். அதனால் ஆங்கிலத்துக்குச் சொன்ன 1000 சொல்லைத் தமிழிலும் அப்படியே பிடிக்கப் போனால் கட்டுரை வளர்ந்துகொண்டே போகும். பக்கக் கணக்கா, சொல் கணக்கா என்று ஆசிரியரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கட்டுரையைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை இருக்கிறது. முறையியல் பகுதி இல்லாத கட்டுரையை எடுத்தால் மதிப்பீட்டில் கடிக்க எலும்பு இருக்காது. வார இதழ்க் கட்டுரை, செய்தித்தாளின் நடுப்பக்கக் கட்டுரை இரண்டும் ஆகாது. 8 முதல் 15 பக்கம் உள்ள, கேள்வி, முறை, முடிவு, விவாதம் என்று பிரித்து எழுதிய கட்டுரை தோதானது. கல்லூரி நூலகத்தில் என்-லிஸ்ட் (கல்லூரிகளுக்கு மின்னிதழ்களைத் திறந்துவிடும் திட்டம்) கணக்கு இருக்கிறதா என்று கேளுங்கள், காசில்லாமல் நல்ல இதழ்கள் திறக்கும். யுஜிசி கேர் பட்டியலில் (பல்கலைக்கழக மானியக் குழு தரமானவை என்று வைத்திருந்த இதழ்ப் பட்டியல்) இருந்தால்தான் எடுக்க வேண்டும் என்று இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலை யுஜிசி 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இப்போது இதழின் தரத்தைத் துறையும் மாணவரும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படிக்கும் முறை பற்றி ஒரே ஒரு பேச்சு: மூன்று தடவை. முதல் தடவை சுருக்கமும் முடிவுரையும் மட்டும். இரண்டாம் தடவை பேனாவோடு, ஒவ்வொரு முடிவுக்கும் ஆதாரம் எந்தப் பக்கத்தில் என்று ஓரத்தில் எண் போட்டுக்கொண்டு. மூன்றாம் தடவை அட்டவணைகள் மட்டும். எழுத உட்காரும்போது கட்டுரையை மூடி வைத்துவிட்டு எழுதினால் காப்பி தானாகக் குறையும்.

காப்பி என்றதும் 'பத்து சதவீதம் வரைக்கும் எடுக்கலாம்லா?' என்பார்கள். யுஜிசியின் 2018 ஒழுங்குமுறையில் 10 சதவீதம் வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை என்பது உண்மை. 10 முதல் 40, 40 முதல் 60, 60-க்கு மேல் என்று அதற்குப் பிறகு படி ஏறும். மேற்கோள் குறியிட்டு மூலம் சொன்ன பகுதியும், துணைநூற்பட்டியலும், தற்செயலாக ஒத்துப்போகும் 14 சொல் வரையிலான தொடரும் அந்தக் கணக்கில் சேராது. ஆனால் அந்தத் தண்டனைப் படிகள் ஆய்வேடு, கட்டுரை வெளியீட்டை மனதில் வைத்து எழுதியவை. வகுப்பு அசைன்மென்ட்டில் கை வைக்கத் துறைக்குச் சட்டப் பிரிவு எதுவும் தேவையில்லை. ஒரே மாதிரி மூன்று பிரதி வந்தால் மூன்றுக்கும் சுழியம், அவ்வளவுதான்.

ஃபார்மேட்டிங்: 5க்கு 2

மூலங்களைக் குறிப்பிடவும் பக்கத்தை அமைக்கவும் அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த ஏபிஏ முறையில் ஏழாம் பதிப்பு இப்போது நடப்பு, 2019-இல் வந்தது. ஆங்கில இலக்கியத் துறைகள் கேட்கும் எம்எல்ஏ முறை ஒன்பதாம் பதிப்பு, 2021. (எம்எல்ஏ என்றால் சட்டமன்றத்துக்குப் போகிறவர் இல்லை, அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கத்தின் சுருக்கப் பெயர். கடையில் சொல்லும்போது தெளிவாகச் சொல்லுங்கள்.) கடைக் கணினிகளில் இருக்கும் பழைய வேர்டில் 'ரெஃபரன்சஸ்' பக்கம் போனால் ஏபிஏ ஆறாம் பதிப்புதான் இருக்கும். அதை அமுக்கி எடுத்துக் கொடுத்துவிட்டு 'ஏபிஏ போட்டாச்சு' என்பார்கள். ஆறாம் பதிப்பின் வழக்கப்படி பக்கத்தின் மேலே சுருக்கத் தலைப்போடு 'ரன்னிங் ஹெட்' என்ற சொல்லையும் போடுவார்கள். ஏழாம் பதிப்பில் மாணவர் கட்டுரைக்கு அது வேண்டாம், வலது மேல் மூலையில் பக்க எண் போதும்.

ஏபிஏ கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நாலு பக்கமும் ஓர் அங்குல ஓரம், இரட்டை வரி இடைவெளி, பத்திக்கு நடுவில் கூடுதல் இடைவெளி கிடையாது, பத்தியின் முதல் வரி அரை அங்குலம் உள்ளே. டைம்ஸ் நியூ ரோமன் 12 புள்ளி, கேலிப்ரி 11, ஏரியல் 11 எல்லாம் ஏற்பு. தலைப்புப் பக்கத்தில் கட்டுரைத் தலைப்பு, பெயர், துறையும் கல்லூரியும், பாடக் குறியீடும் பெயரும், ஆசிரியர் பெயர், கொடுக்க வேண்டிய தேதி. பூ வைத்த பார்டர், கோபுரப் படம், நிழல் விழும் எழுத்து எதுவும் இதில் இல்லை. கடைகளில் பார்டர் போட்டுக் கொடுப்பதை உபகாரமாக நினைத்துச் செய்கிறார்கள். வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். ஸ்பைரல் போடுவதாக இருந்தால் இடது ஓரத்தை மட்டும் ஒன்றரை அங்குலம் ஆக்கலாம், இல்லையென்றால் ஓட்டை எழுத்தின் மேல் விழும்.

கடைக்கு ஏன் 2 மட்டும்? அவர்கள் கண்ணுக்குத் தெரிவதைச் செய்கிறார்கள், கோப்புக்குள் செய்வதில்லை. அடுத்த பக்கம் போக என்டரைப் பதினைந்து தடவை தட்டுவார்கள். துணைநூற்பட்டியலில் இரண்டாவது வரி உள்ளே தள்ளி வர, முதல் வரி முடிவில் என்டர் தட்டி ஸ்பேஸ் அடித்துத் தள்ளுவார்கள். அங்கே பார்க்க அழகாக இருக்கும். வீட்டுக்கு வந்து நடுவில் ஒரு சொல் சேர்த்தால் போதும், அத்தனையும் சரிந்து துணைநூற்பட்டியல் பக்கத்தின் நடுவில் தொடங்கும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: அடுத்த பக்கத்துக்கு கன்ட்ரோல், என்டர், துணைநூற்பட்டியலைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், டி (ஆங்கில T), இரட்டை இடைவெளிக்கு கன்ட்ரோல், 2. கோப்பை வாங்கும்போது பத்திக்குறி காட்டும் பொத்தானை அமுக்கினால் என்டர் தட்டிய இடமெல்லாம் வெளிச்சமாகிவிடும்.

துணைநூற்பட்டியலில் நம் ஊர்ப் பெயர்கள் படும் பாடு தனி. ஏபிஏ குடும்பப் பெயரை முன்னால் கேட்கும். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலையெழுத்துத்தான் இருக்கிறது. உ. வே. சாமிநாதையர் பட்டியலில் 'சாமிநாதையர், உ. வே.' என்று வர வேண்டும். கடையில் 'உ.வே., சாமிநாதையர்' என்று அடிப்பார்கள். அப்புறம் அகரவரிசை அடுக்கச் சொன்னால் வேர்டு அவரை 'உ'வில் கொண்டுபோய் வைக்கும். முனைவர், டாக்டர், பேராசிரியர் என்ற பட்டம் எதுவும் பட்டியலில் வராது. கட்டுரையின் முதல் பக்கத்தில் அச்சிட்டிருந்தாலும் வராது. ஆண் பெண் என்று பாராமல் கணவர் பெயரையோ தந்தை பெயரையோ குடும்பப் பெயராக மாற்றிவிடுவதும் நடக்கும். சந்தேகம் வந்தால் அதே ஆசிரியரை மற்ற கட்டுரைகள் எப்படிக் குறிப்பிடுகின்றன என்று பார்த்து அதன்படி போடுவது பாதுகாப்பு.

வரிசை எப்படி என்று ஒரு நிஜமான உதாரணம். மரபணு இழையின் இரட்டைச் சுருள் அமைப்பைச் சொன்ன 1953-ஆம் ஆண்டுக் கட்டுரை 'நேச்சர்' இதழில் வந்தது. ஏபிஏயில்: வாட்சன், ஜே. டி., & கிரிக், எஃப். எச். சி. (1953). அடுத்து கட்டுரைத் தலைப்பு. அடுத்து நேச்சர், 171(4356), 737–738. கடைசியாக டிஓஐ முகவரி. இதில் 171 தொகுதி எண், 4356 இதழ் எண், மீதி பக்கம். இதழின் பெயரும் தொகுதி எண்ணும் சாய்ந்த எழுத்து. அடைப்புக்குள் இருக்கும் இதழ் எண் சாயாது. கட்டுரைத் தலைப்பும் சாயாது. கடையில் தலைப்பைச் சாய்த்து, தடித்து, அடிக்கோடும் போட்டுவிடுவார்கள். கட்டுரைக்குள் குறிப்பிடும்போது ஏபிஏயில் பெயரும் ஆண்டும். எம்எல்ஏயில் பெயரும் பக்க எண்ணும், நடுவில் காற்புள்ளி கிடையாது. எம்எல்ஏயில் இரண்டாம் ஆசிரியரின் பெயரைத் திருப்பிப் போடவும் வேண்டாம். ஏபிஏயில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் முதல் தடவையிலிருந்தே முதல் ஆளின் பெயரோடு 'மற்றும் பிறர்' போட்டால் போதும்.

கூகுள் ஸ்காலரில் கட்டுரைக்குக் கீழே மேற்கோள் குறி ஒன்று இருக்கும். அதை அமுக்கினால் ஏபிஏ, எம்எல்ஏ எல்லாம் தயாராக வரும். நேரம் மிச்சம், ஆனால் டிஓஐ இருக்காது, பெரிய எழுத்து, சின்ன எழுத்து சில சமயம் தப்பாக இருக்கும். ஒட்டிவிட்டுச் சரிபார்க்க வேண்டும். பத்துக்கு மேல் மூலங்கள் இருந்தால் ஜொட்டெரோ என்ற இலவச மென்பொருள் நல்லது. ஒரே ஒரு கட்டுரைக்கு ரிவ்யூ எழுத அது கோழிக்குஞ்சு பிடிக்க யானை வாடகைக்கு எடுப்பது போல.

தட்டச்சு: கேட்டு வாங்கினால் 4, கேட்காவிட்டால் 1

ஆங்கிலம் என்றால் சிக்கல் இல்லை. தமிழில்தான் ஆபத்து. தட்டச்சுப் பள்ளியில் கற்றுவந்தவர்கள் கை பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் ஓடும். வேகம் அபாரம், பிரிண்டும் அழகாக வரும். ஆனால் பாமினியில் அடித்த தமிழ் கணினிக்குத் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துக்களின் மேல் தமிழ் முகமூடி மாட்டியது. அந்த எழுத்துரு இல்லாத பேராசிரியரின் கைபேசியில் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக்களாகக் கொட்டும். காப்பி பார்க்கும் மென்பொருளாலும் அதைத் தமிழாகப் படிக்க முடியாது. சிலர் இதைச் சௌகரியம் என்று நினைக்கிறார்கள், 'ஒற்றுமை 0 சதவீதம்' என்று வருமாம். தமிழ்க் கட்டுரைக்குச் சுத்தமாக 0 என்று வந்தாலே ஆசிரியருக்குச் சந்தேகம் வரும்.

அப்புறம் யூனிகோடுக்கு (எந்தக் கணினியும் கைபேசியும் தமிழாகவே படிக்கும் பொதுக் குறியீடு) மாற்றித் தாருங்கள் என்று கேட்டால் மாற்றியில் போட்டுத் தருவார்கள். பாமினிப் பத்திக்குள் இருந்த ஆங்கிலச் சொல், டிஓஐ, இணைய முகவரி எல்லாம் அப்போது தமிழ்க் குப்பையாக மாறிவிடும். கொம்பும் காலும் அங்கங்கே இடம் மாறும். அதைத் திருத்தும் நேரத்தில் புதிதாகவே அடித்துவிடலாம். அதனால் கையெழுத்துப் பிரதியைக் கொடுக்கும்போதே 'யூனிகோடுல அடிச்சுத் தாங்கண்ணாச்சி, லதா இல்ல நிர்மலா எழுத்துருல' என்று கேட்க வேண்டும். விண்டோஸ் உள்ள எந்தக் கணினியிலும் இந்த இரண்டில் ஒன்றாவது இருக்கும். யூனிகோடுக்குத் தனிக் கட்டணம் சொன்னால் கொடுத்துவிடலாம், அது நியாயமான காசு.

கைபேசியில் குரல் தட்டச்சு வந்த பிறகு இந்தச் சேவைக்கே தேவை குறைந்துவிட்டது. கூகுள் டாக்ஸில் தமிழில் பேசினால் ஓடி வரும். ஒற்று விடும், ற-ர குழம்பும், நம் ஊர்ப் பேச்சைப் பேசினால் அதையே எழுதிவைக்கும். எழுதியதைப் பார்த்து நிதானமாக வாசித்தால் ஓரளவு தேறும். பிழை திருத்தம் எப்படியும் நம் பாடுதான். கடையிலும் அதைச் செய்து தருவதில்லை.

தமிழ் அகரவரிசையை வேர்டிடம் விட்டால் ஒருமுறை கண்ணால் பாருங்கள். யூனிகோடு வரிசையில் 'ஜ' 'ச'வுக்கு அடுத்து நிற்கும், 'ன' 'ந'வுக்குப் பக்கத்தில் நிற்கும். நாம் பள்ளியில் படித்த வரிசை அது இல்லை.

பிரிண்ட், பைண்டிங்: தாராளமாக 5க்கு 4

இதில் பாளைக் கடைகளைக் குறை சொல்ல முடியாது. கை பழகியவர்கள், கூட்டத்திலும் வேகம். ஒரு மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம், வேர்டு கோப்பை அவர்கள் கணினியில் திறந்து பிரிண்ட் கொடுப்பது. வீட்டில் நாலு பக்கமாக இருந்தது அங்கே ஐந்தாகும், அட்டவணை ரெண்டாக வெட்டுப்படும். கைபேசிச் செயலியில் அடித்த கோப்பு என்றால் இன்னும் மோசம். பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோனால் இந்தத் தொல்லை இல்லை. கடையின் மின்னஞ்சலுக்கோ வாட்ஸ்அப்புக்கோ அனுப்பினால் வேலை முடிந்ததும் அங்கேயே நின்று அழிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் அந்த டெஸ்க்டாப் ஃபோல்டரில் உங்கள் ரிவ்யூ இன்னொருவர் பெயரில் விற்கும்.

பிரிண்ட் பெட்டியில் 'ஆக்சுவல் சைஸ்' இருக்க வேண்டும். 'ஃபிட்' என்று இருந்தால் பக்கம் சுருங்கி ஓரம் ஓர் அங்குலத்தைத் தாண்டிவிடும். தாள் ஏ4தானா என்று பார்ப்பதும் நல்லது. சில எந்திரங்களில் லீகல் தாள் கிடக்கும். ஐந்தாறு பக்கத்துக்கு ஸ்பைரல் தேவையில்லை, இடது மேல் மூலையில் ஒரு ஸ்டேப்ளர் பின் போதும், துறை கேட்டால் ஒழிய. ஐப்பசி அடைமழையில் தாள் நமுத்துப்போய் எந்திரத்தில் ரெண்டு ரெண்டாக இழுக்கும். நடுவில் ஒரு வெள்ளைப் பக்கம் வரும். காசு கொடுக்கும் முன் கல்லாவிலேயே நின்று பக்க எண்ணை ஒன்று, இரண்டு என்று எண்ணிவிடுங்கள்.